பண்ணைக்கீரைக்கு வந்த வாழ்வு

செல்லதுரை மாமாவின் காட்டில் எதுவும் விளையாது என்பது எங்கள் ஊருக்கு ஒரு பெரிய பாதுகாப்பாக இருந்திருக்கிறது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை. விளையாத வரைக்கும் அங்கிருந்து எதுவும் யார் வயிற்றுக்குள்ளும் போகவில்லை. அதை விளைய வைத்தது நான். அதற்கு எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். வேப்பந்தட்டையிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மாமாவின் காடு. அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கிற வேலை அங்கே நடந்தது. யாரோ வெளியூர்க்காரர். புகை போனது, ஆசிட் தண்ணீர் ஓடியது, சாம்பல் பறந்தது. ஆடுகள் சாக ஆரம்பித்ததும் ஊர் கூடிப் போய்ச் சத்தம் போட்டது. மறு வாரம் அந்த ஆள் உலையை மட்டும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஈயத்தை மாமாவின் காட்டில் விட்டுவிட்டார்.

அதன் பிறகு மக்காச்சோளம் போட்டால் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றுபோகும். பருத்தி முளைக்கவே முளைக்காது. மாமா முதலில் உரக்கடைக்காரனைச் சந்தேகப்பட்டார், பிறகு பங்காளியைச் சந்தேகப்பட்டார், காட்டின் நாலு மூலையிலும் தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் புதைத்தார். ஈயத்தை மட்டும் கடைசி வரை சந்தேகப்படவில்லை.

நான் பெரம்பலூரில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அரவிந்தன் சார் என்ற பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்ததும், கெட்டுப்போன மண் ஒன்று வேண்டும் என்று அவர் தேடினார். ஊர்ப் பெருமை பேச எனக்கு வேறு என்ன இருந்தது? "எங்க ஊர்ல இருக்கு சார்" என்றேன்.

அந்தக் காட்டில் எருக்கஞ்செடி மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் நின்றது. அதன் வேரைத் தோண்டி எடுத்து, வேரோடு ஒட்டிய மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தேன். ஆய்வகத்தில் ஈயக் கரைசலில் போட்டாலும் சாகாத ஜாதி. ஈயமும் காட்மியமும் நிறைந்த மண்ணில் செடி பயந்துபோய்த் தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும். அந்தப் பயத்தை உண்டாக்குகிற பொருளை இந்த பாக்டீரியா தின்றுவிடும். வேர் நீளுவதற்கான ஹார்மோனைத் தானே செய்து கொடுக்கும். இரும்புச்சத்தைத் தேடிப் பிடித்து வேருக்கு ஊட்டும். செடி தைரியமாக வளரும், வளர்கிற வேகத்தில் ஈயத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மேலே ஏற்றும். சூரியகாந்தி போட்டு, இதை ஊற்றி, ஈயத்தை உறிஞ்சிய செடியை வெட்டி அப்புறப்படுத்திக்கொண்டே வந்தால் சில வருடங்களில் மண் சுத்தமாகும். திட்டம் அவ்வளவுதான். நல்ல திட்டம். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"வெட்டின செடிய எங்க சார் கொட்டறது?" என்று ஆரம்பத்திலேயே கேட்டேன்.

"அது ரெண்டாவது கட்டம்மா. ரெண்டாவது கட்டத்துக்குத் தனியா அப்ளை பண்ணணும்" என்றார் சார்.

சூரியகாந்தி விதைத்தோம். நான் பாக்டீரியாக் கரைசலை வாளியில் கரைத்து வரிசை வரிசையாக ஊற்றினேன். களையெடுக்க ஆள் வேண்டும் என்றபோது என் அம்மா சம்பூர்ணத்தையும், எதிர்வீட்டு மலர்க்கொடி அக்காவையும், இன்னும் சில பெண்களையும் நானே சேர்த்துவிட்டேன். கவர்ன்மெண்ட் வேலை வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரி அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சூரியகாந்தி சுமாராகத்தான் வந்தது. நடுவில் முளைத்த பண்ணைக்கீரைதான் கொழுத்தது. நான் ஊற்றியது சூரியகாந்திக்கு என்று பாக்டீரியாவுக்கு யார் சொன்னார்கள்? பக்கத்தில் இருந்த வேரையெல்லாம் பிடித்துக்கொண்டது. வழக்கமாக விரல் அகலத்தில் சோம்பிக் கிடக்கிற கீரை உள்ளங்கை அகலத்துக்கு, பார்த்தாலே வதக்கத் தோன்றுகிற பச்சையில் நின்றது.

களைக்குப் போகிற பெண்கள் சும்மா திரும்ப மாட்டார்கள். களையில் எது தின்னக்கூடியதோ அதைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். காட்டுக்காரர் கேட்க மாட்டார், கேட்டால் அவருக்குத்தான் அசிங்கம். சாயங்காலம் எங்கள் தெருவில் எல்லா அடுப்பிலும் கீரை கொதிக்கும். இது எனக்குத் தெரியாததா? அந்தக் கீரையில் வளர்ந்தவள்தான் நான். ஆனால் திட்ட அறிக்கையை எழுதும்போது ஒரு வரி கூட அதைப் பற்றி எனக்குத் தோன்றவில்லை. அறிக்கை வேறு மொழி, மடி வேறு மொழி என்று எனக்குள்ளேயே பிரித்து வைத்திருந்தேன் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்தக் கீரையை அதிகம் தின்றது அண்ணி சத்யா. வரதராஜன்பேட்டையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். வயிற்றில் பிள்ளை. ரத்தம் குறைவாக இருக்கிறது, தினம் கீரை சாப்பிடு என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அண்ணன் சுரேஷ்குமார் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான், வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். அவன் இல்லாத நாளில் அண்ணியைக் கவனிக்க வேண்டும் என்று அம்மா மடி நிறையக் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் அம்மா மடியை அவிழ்த்துக் கொட்டும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த அகல இலையை எங்கே பார்த்தேன் என்று யோசிக்கக்கூட நேரம் ஆகவில்லை. ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். சூரியகாந்தி இலையோடு சேர்த்து அதையும் சோதனைக்கு அனுப்பினேன். சூரியகாந்தியில் ஈயம் இருந்தது, இருக்கவேண்டிய அளவுக்கு. கீரையில் அதைவிடக் கூடுதல். மனிதர் தின்னலாம் என்று சொல்லப்படுகிற அளவைப் போல எத்தனையோ மடங்கு.

அரவிந்தன் சாரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்மா. சூரியகாந்தியவிட நல்லா எடுக்குதே! இது தனிப் பேப்பர்."

"சார், இத எங்க ஊர்ல திங்கறாங்க."

"யாரு?"

"களையெடுக்கற பொம்பளைங்க. எங்கம்மா. மாசமா இருக்கற எங்க அண்ணி."

"தேவயானி, நம்ம புராஜெக்ட் சூரியகாந்தி. கீரை நம்ம தலைப்புலயே இல்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அடுத்த மாசம் வயல் விழா. புராஜெக்டுக்குப் பணம் குடுத்த ஆளுங்க திருச்சிலேர்ந்து வராங்க. அது முடியட்டும், முறையா ஒரு அறிவிப்பு குடுத்துடலாம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே வாயைத் திறந்தேன்.

"அம்மா, அந்தக் கீரைய இனிமே எடுத்துட்டு வராத. அதுல ஈயம் இருக்கு. வெசம்."

அம்மா ஒரு இலையை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "வெசம்னா செடி கருவாதா? பாரு, எப்புடி இருக்கு! நீ ஊத்தின தண்ணிலதானடி இப்புடி வந்துச்சு?"

"அதாம்மா நானும் சொல்றேன். நான் ஊத்தினது செடியத்தான் காப்பாத்தும். திங்கறவங்களக் காப்பாத்தாது."

"அப்ப எதுக்கு ஊத்தின?"

இந்தக் கேள்வியை என் ஆய்வுக்குழுவில் ஒருவர் கூடக் கேட்டதில்லை.

அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். "தேவயானி, போன மாசத்தவிட இந்த மாசம் ரத்தம் ஏறியிருக்கு, தெரியும்ல?"

"அது மாத்திரையில ஏறினது அண்ணி."

"மாத்திரையத்தான் நான் பாதி நாளு கொல்லையில வீசிடறேனே. கொமட்டுது."

இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஈயத்தோடு இரும்பையும் அந்த பாக்டீரியா வஞ்சனையில்லாமல் செடிக்குக் கொடுக்கும். கீரையால் ரத்தம் ஏறியிருந்தாலும் ஏறியிருக்கும். கூடவே வேறு ஒன்றும் ஏறியிருக்கும், அது பிள்ளைக்கும் போகும் என்பதை நர்ஸம்மாவின் கருவி காட்டாது.

"அந்தப் புள்ளையோட மூளைக்கு ஆவாது அண்ணி. சொன்னாக் கேளுங்க."

அண்ணியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா பிடித்துக்கொண்டாள். "வவுத்துப் புள்ளைய வச்சுகிட்டுப் பேசற பேச்சா இது? ஒரு கீரைய நிம்மதியா திங்கவுடாம பண்றதுக்கா உன்ன எம்மெஸ்ஸி படிக்க வச்சேன்?"

அண்ணன் போனில், "ஏன் புள்ளத்தாச்சியப் பயமுறுத்தற? ஒனக்கு வேற வேல இல்ல?" என்றான். எனக்கு இருந்த ஒரே வேலையே அதுதான்.

காட்டில் ஒரு பலகை எழுதி நட்டேன்: 'இங்கே கீரை பறிக்காதீர்கள்.' அதுவரை அங்கே கீரை இருப்பதே தெரியாத மேலத்தெருவும் மறுநாள் கூடையோடு வந்துவிட்டது. கீரையை எல்லாம் வேரோடு பிடுங்கி வரப்பில் குவித்தேன். களைக்கு வந்தவர்கள் குவியலிலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். "பறிக்கற வேலையும் மிச்சம்" என்று மலர்க்கொடி அக்கா சிரித்தாள். அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக முளைத்தது.

மலர்க்கொடி அக்கா விவரமானவள். என் பேச்சை நம்பாமல், சார் காட்டுக்கு வந்த அன்று நேராகவே கேட்டாள். "சார், கீரை பறிக்கலாங்களா?"

சார் சுற்றிலும் பார்த்தார். "அது சம்பந்தமான ஆய்வு நடந்துகிட்டு இருக்கும்மா."

"கூடாதுன்னு சொல்லலியே" என்று அக்கா என் பக்கம் திரும்பி முந்தானையை உதறினாள்.

வயல் விழா அன்று காட்டோரம் சாமியானா போட்டார்கள். பேனரில் சார் படம், சூரியகாந்திப் படம், தூரத்தில் குனிந்து களையெடுக்கும் என் அம்மாவின் முதுகு. திருச்சி ஆட்கள் காரில் வந்து இறங்கினார்கள். செத்த மண் உயிர் பெற்ற கதையைச் சார் மைக்கில் சொன்னார். செல்லதுரை மாமாவுக்கு அதைவிட உற்சாகம். மைக்கைப் பிடுங்கி, "இந்தக் காட்டுக் கீரைய தின்னு ரத்தம் ஏறின பொண்ணு இங்க இருக்குங்க!" என்று அண்ணியைக் கை நீட்டி எழுப்பி நிறுத்தினார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு எழுந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். சாரும் தட்டினார். ஆய்வக முடிவு அவர் மேஜையில் இருந்தது, அவர் கை இங்கே தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு சாப்பாடு. மாமா தன் செலவில் வாழையிலை போட்டார். சாம்பார், அப்பளம், பாயசம், நடுநாயகமாகப் பண்ணைக்கீரைக் கூட்டு. நான் சார் எதிரே போய் நின்றேன்.

"கூட்டு தொடவேயில்லியே சார்?"

"வேணாம்மா."

"நம்ம காட்டுக் கீரை சார். கொஞ்சம்."

"நேத்துலேர்ந்து வயிறு சரியில்ல" என்று கூட்டை விரலால் இலையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

இதைவிட நல்ல ஆய்வு முடிவை நான் யாருக்கும் காட்ட முடியாது. பரிமாறிக்கொண்டிருந்த பெண்களிடம் திரும்பினேன். "பாத்துக்குங்க. உங்க சாரு கீரையத் தொடல."

மலர்க்கொடி அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "டவுன் ஆளுங்களுக்குக் கீரை ருசி எங்கடி தெரியும்?"

பந்தியின் கடைசியில் அண்ணி இன்னொரு கரண்டி கூட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வாளியைச் சாய்த்தாள். நான் போய் அண்ணியின் இலையை அப்படியே சுருட்டி இழுத்தேன். பாயசம் அவள் மடியில் கொட்டியது. பந்தி முழுக்க அப்படியே நின்றுபோனது.

"வாயும் வவுறுமா இருக்கறவ எலைய இழுக்கறியே, நீ நல்லாருப்பியாடி?" அம்மாவின் குரல் உடைந்தது. மகள் என்ற உறவையே அவள் அந்த நிமிடம் கழற்றி வைத்துவிட்டாள் என்பது எனக்குக் கேட்டது.

சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைமை. நேராக மாமாவின் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு இருந்த வெங்காயக் காட்டு வரப்புக்கு அடிக்கக் களைக்கொல்லி வாங்கி வைத்திருந்தார். ஸ்பிரேயரில் தண்ணீர் பிடித்துக் கலந்து முதுகில் மாட்டினேன். பட்டப்பகலில், பேனருக்கும் திருச்சி ஆட்களுக்கும் முன்னாலேயே, முதல் வரிசையிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். காற்று சாமியானாவுக்கு எதிர்ப்பக்கம்தான் வீசியது, அதையும் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் வாடை போய்ச் சேர்ந்தது.

"ஐயையோ, காட்டுக்கு மருந்தடிக்கறா!" என்று யாரோ கத்தினார்கள்.

மலர்க்கொடி அக்கா தன் மடியில் கட்டியிருந்த கீரையை, நெருப்பு விழுந்த மாதிரி அங்கேயே உதறிக் கொட்டினாள். மேலத்தெருப் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் ரோட்டுக்குப் போனார்கள். மருந்தடித்த காட்டில் கீரை பறிக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஈயத்துக்கு வாடை இல்லை, அதுதான் அதன் குற்றம்.

"டேட்டா! தேவயானி, என் டேட்டா!" என்று சார் வரப்பில் ஓடி வந்தார். கீரையின் மீது செருப்புக்கால் படாமல் தாண்டித் தாண்டி ஓடிவந்ததைக் கவனித்தேன்.

"இதுவும் அடுத்த கட்டம்தான் சார்" என்றேன்.

வேலை அன்றைக்கே போய்விட்டது. மாமா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அம்மா வீடு வீடாகப் போய், "எம் மவளுக்குப் புத்தி பெரண்டுடுச்சு. காடு பூரா மருந்தடிச்சு வச்சிருக்கா. யாரும் கீரைப் பக்கம் போயிடாதீங்க" என்று அழுதாள். நான் எழுதிய பலகையால் ஆகாததை அவள் அழுகை ஒரே சாயங்காலத்தில் செய்து முடித்தது.

ஆனால் அண்ணிதான் அடங்கவில்லை. "நான் சாப்ட்டேனே, அந்தக் காட்டுக் கூட்டத்தானே சாப்ட்டேன்! எம் புள்ளைக்கு என்னமோ ஆயிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூட்டு முன்னாடியே ஆக்கினது அண்ணி. மருந்து அப்புறம்தான்..." என்று ஆரம்பித்தவள், நிறுத்திக்கொண்டேன். என்ன பிழைப்பு இது? ஒரு மாதமாக நான் உண்டாக்க முயன்ற பயம் இப்போதுதான் வந்திருக்கிறது. அதை நானே தீர்த்து வைக்க வேண்டுமா?

"ஆமா அண்ணி, ஒடனே ரத்தம் பாத்துடணும்" என்றேன்.

அண்ணன் லாரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். என்னை முறைத்தான். மூவரும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். டாக்டரம்மாவிடம் அண்ணியும் அண்ணனும் களைக்கொல்லி, களைக்கொல்லி என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் தனியாகப் போய், "ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாருங்க டாக்டர்" என்று கேட்டு எழுதி வாங்கினேன்.

முடிவு வந்ததும் மறுபடி போனோம். டாக்டரம்மா தாளைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"ஈயம் இருக்கவேண்டியதவிட அதிகமா இருக்கும்மா. நல்லவேளை, ரொம்ப எகிறல. எங்கிருந்து வருதோ அத இன்னியோட நிறுத்தணும். கால்சியம் மாத்திரை எழுதறேன், இத வீசாம சாப்புடணும். அடுத்த மாசம் திரும்பப் பாக்கலாம். எதுலேர்ந்து வந்துச்சுன்னு ஏதாவது தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என்னைக் கை காட்டினாள். "இவதான் டாக்டர். கீரைக் காட்டுல மருந்தடிச்சது இவதான்."

"களைக்கொல்லில ஈயம் கெடையாதும்மா."

"ஒங்களுக்குத் தெரியாது டாக்டர். இவ எம்மெஸ்ஸி படிச்சவ. எதையாச்சும் கலந்திருப்பா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அண்ணனும் திரும்பினான். மண்ணில் கிடந்த ஈயம், பேட்டரிக் கொட்டகை, எருக்கஞ்செடியின் வேர், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அதைச் சொன்னால் மருந்துக்கும் ஈயத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும். மருந்து ஒரு மழையில் போய்விடும், கீரை மறுபடி முளைக்கும். அம்மாவின் மடி காத்துக்கொண்டிருக்கும். அண்ணி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"ஆமா டாக்டர்" என்றேன். "கலந்தேன். அந்த மண்ண விட்டு அது இந்த ஜென்மத்துல போவாது. அந்தக் காட்டுல மொளைக்கற எதையும் யாரும் திங்கக் கூடாது."

"பாத்தீங்களா?" என்றாள் அண்ணி அண்ணனிடம். "நான் சொன்னப்ப நம்பலியே."